கபடிக்காரனிடம் கேட்ட கேள்விகள்

இது நடந்தது. கதை கட்டுகிற பழக்கம் எனக்கு இல்லை. அதற்கு எங்கள் ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர்களே போதும். பேய் நள்ளிரவில்தான் வரும், மல்லிகைப்பூ வாசம் அடிக்கும் என்று நம்புகிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம். எனக்கு நேர்ந்தது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ட்யூப்லைட் வெளிச்சத்தில், பினாயில் நாற்றத்தில்.

நான் ஹரிப்ரியா. திருப்பதியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் எமர்ஜென்சியில் ஆராய்ச்சி நர்ஸ். கபடியில் தலையில் அடிபட்டு வருகிறவர்களைப் பற்றி டாக்டர் ஆதிகேசவன் ஆராய்ச்சி செய்கிறார். செய்கிறார் என்றால், ஹைதராபாத் மாநாட்டில் கோட்டு போட்டுக்கொண்டு பேசுகிறார். அடிபட்டவன் பக்கத்தில் நிற்பது நான். மணிக்கு ஒரு தரம் ஐந்து கேள்வி கேட்க வேண்டும். இது எந்த ஊர் மைதானம், எந்தப் பாதி, கடைசிப் பாயிண்ட் யார் எடுத்தது, போன மேட்ச் யாரோடு, அதில் ஜெயித்தீர்களா. தப்பாகச் சொன்னால் ஸ்கேன். அடுத்தடுத்து இரண்டு தரம் சரியாகச் சொன்னால் வீட்டுக்கு.

இந்த ரகசியம் எங்கள் பக்கத்துக் கோச்சுகளுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. காரில் வரும்போதே பையன்களுக்குப் பதிலை மனப்பாடம் செய்ய வைத்துவிடுகிறார்கள், பரீட்சைக்குப் பிட் கொடுப்பது போல. மண்டைக்குள் ரத்தம் கசிந்தால் இவர்களுக்கென்ன? அடுத்த மேட்சுக்கு ஆள் வேண்டும்.

அன்றைக்கு வந்த கோச் ரங்கன் அந்த ரகத்தில் முதல் தரம். கழுத்தில் விசில், கையில் இரண்டு போன். அவன் கூட்டி வந்த யோகேஷுக்குப் பத்தொன்பது வயசு. பாலசமுத்திரத்தில் நடந்த அரையிறுதியில் எதிராளியின் முழங்கால் நெற்றிப்பொட்டில் இடித்திருக்கிறது. மறுநாள் சித்தூரில் இறுதி ஆட்டம். இவன் இல்லாமல் டீமே இல்லை, சீக்கிரம் விடுங்கள் என்றான் ரங்கன்.

ஐந்து மணிக்குக் கேட்டேன். பாலசமுத்திரம், ரெண்டாம் பாதி, நான்தான், நகரி டீம், ஜெயிச்சோம். யோகேஷ் மூச்சு விடாமல் ஒப்பித்தான். ஐந்தும் சரி. ரங்கன் என்னைப் பார்த்து இளித்தான். பையன் வாந்தி எடுத்த பேசின் கட்டிலுக்குக் கீழே இருந்தது. அதைக் காட்டினேன். மத்தியானம் தின்ற பிரியாணி சேரவில்லையாம்.

டாக்டருக்குப் போன் செய்தேன். ஏதோ கல்யாண வரவேற்பில் இருந்தார். மேளச் சத்தம் கேட்டது. ஆறு மணிக்கும் சரியாகச் சொன்னால் அனுப்பிவிடு என்றார். பெரிய ஆராய்ச்சி! அந்த நிலைமையில் இன்னொரு அடி பட்டால் பையன் பிழைக்க மாட்டான். அது எனக்குத் தெரியும். ஆனால் ஐந்து சரியான பதில் வந்துவிட்டால் அவனை நிறுத்தி வைக்க எனக்கு வழியில்லை.

வேறு நோயாளி ஒருத்திதான் இருந்தாள். தேள் கொட்டி வந்த கன்னியம்மாள், அறுபது வயசு. திரைக்கு அந்தப் பக்கம் தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஆறு மணி.

ஏசி சத்தம் நின்றது. கரண்ட் போகவில்லை. விளக்கெல்லாம் எரிந்துகொண்டுதான் இருந்தது.

"இது எந்த ஊர் மைதானம்?"

"கங்காதர நெல்லூர்."

ரங்கன் வெடுக்கென்று நிமிர்ந்தான். பாலசமுத்திரம்டா என்று பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்துக் கொடுத்தான். யோகேஷ் அவன் பக்கம் திரும்பவில்லை. கண் திறந்திருந்தது, இமைக்கவில்லை. குரல்... அவனுடையது இல்லை. கட்டையான குரல், மூக்கு அடைத்திருந்தது.

"எந்தப் பாதி?"

"மொதல் பாதி."

மூன்றாவதைக் கேட்க வாயைத் திறந்தேன். கேட்பதற்குள் பதில் வந்தது.

"நான்தான் பாயிண்ட் எடுத்தேன். அப்பதான் தலையில பட்டுச்சு."

யோகேஷின் உதடு மூடியிருந்தது.

சத்தம் திரைக்கு அந்தப் பக்கம். இழுத்துத் திறந்தேன். கன்னியம்மாள் தூங்கிக்கொண்டுதான் இருந்தாள். வாய் மட்டும் அசைந்தது. அதே ஆம்பளைக் குரல்.

"போன மேட்ச் புத்தூர் டீமோட."

பயந்தேன். பேய்க்குப் பயப்படுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. ஆனாலும் பயந்தேன்.

ஐந்தாவது கேள்வியை நான் கேட்கவே இல்லை. சத்தியமாக.

எனக்குப் பின்னால்...

"தெரியல. தலை வலிக்குது. அண்ணா சோடா குட்த்து மறுபடியும் உள்ள போடான்னுட்டாரு."

திரும்பினேன்.

பேசியது ரங்கன்.

இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டிருந்தான். விரல்களுக்கு நடுவில் வந்தது.

"அண்ணா... கண்ணு தெரியல அண்ணா..."

ஏசி மறுபடி ஓட ஆரம்பித்தது. ரங்கன் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினான். வீரன்! நான் கட்டிலைத் தள்ளிக்கொண்டு ஸ்கேனுக்குப் போனேன். பதில் தப்பு, ஸ்கேன் எடு என்று அங்கிருந்த டெக்னீஷியனிடம் சொன்னேன். மண்டைக்குள் ரத்தம் கசிந்திருந்தது. அன்றைக்கே ஆபரேஷன். யோகேஷ் பிழைத்துவிட்டான். டாக்டரிடம் சொன்னபோது "நல்ல கேஸ்" என்றார்.

கன்னியம்மாளுக்கு ஒன்றும் நினைவில்லை. யோகேஷ் கங்காதர நெல்லூரில் ஆடியதே இல்லையாம்.

ஆம்புலன்ஸ் டிரைவர் இஸ்மாயிலுக்கு விஷயம் தெரிந்திருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் அங்கே ரங்கனின் டீமில் பரணி என்பவனுக்கு அடிபட்டது. பட்டதுமே விழுந்துவிட்டான் என்றுதான் ரங்கன் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறான். சோடா கொடுத்து மறுபடி ஆட அனுப்பியது யாருக்கும் தெரியாது. பரணி எப்போது செத்தான் என்று கேட்டேன்.

"சாவல சிஸ்டர். கார்வேட்டிநகரத்துல அவுங்க வூட்ல படுத்துக்கினு கீறான். கண்ணு மட்டும் தொறந்து கீது. ரெண்டு வருசமா பேச்சே இல்ல."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனேன். பரணியின் அம்மா வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். என்னை அவளுக்குத் தெரியாது. பரணி வீடு இதுதானா என்று கேட்டேன். அவள் கையிலிருந்த துணி கீழே விழுந்தது. இன்னொரு தரம் பேசச் சொன்னாள். பேசினேன்.

"போன ஞாயித்துக்கெழம சாயங்காலம் எம்புள்ள வாயத் தொறந்தாம்மா. எந்த ஊர் மைதானம்னு கேட்டான். அப்பறம் எந்தப் பாதின்னு கேட்டான். அவ்ளோதான், மூடிக்கினான். அது அவன் கொரலு இல்ல. பொம்பள கொரலு."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்தக் கொரலுதாம்மா."