பாப்பாயி வறுத்த தவிடு

என் கையால் ஒரு குழந்தை சாகக் கிடந்தது. அதைச் சொல்லாமல் ஆண்டவருக்கு நன்றி சொன்னால் என் சாட்சி பொய்.

எங்கள் குடும்பத்தில் எஸ்.எஸ்.எல்.சி. தேறியவள் நான் ஒருத்திதான். சுகாதாரப் பயிற்சி முடித்து, மண்ணச்சநல்லூரில் வீடு வீடாகப் போகும் வேலை. வெள்ளைப் புடவை கட்டினால் எனக்குத் தரையில் கால் பாவாது.

பச்சைமலையிலிருந்து அரிசி மில் வேலைக்கு வந்தவள் பாப்பாயி. அவள் மகள் வெள்ளையம்மாவுக்கு ஆறு வயது. வெளிறிய முகம், மஞ்சள் கண், ஓயாத கைகால் வலி. வயிற்றுப் பூச்சி என்று மருந்து கொடுத்தேன். சோறு போடுவதில்லை என்று தாயைத் திட்டினேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் குழந்தைக்குக் காய்ச்சல். பாப்பாயி தவிட்டை வறுத்துத் துணியில் கட்டி மூட்டுகளில் ஒற்றிக்கொண்டிருந்தாள்.

"உடம்பு கொதிக்குது, இன்னும் சூடு வைக்கிறியே! அறிவிருக்கா உனக்கு?"

"குளுந்தா இதுக்கு ஆவாதுங்க. இவ அண்ணனுக்கும் இப்படித்தான்..."

"நீ படிச்சியா, நான் படிச்சேனா?"

தவிட்டை வெளியே எறிந்தேன். குழந்தையை ஈரத்துணியால் சுற்றினேன். கொஞ்ச நேரத்தில் வலியில் அலறியது. பிறகு அலறவும் தெம்பில்லை.

திருச்சி ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் தூக்கிப் போனோம். கொள்ளிடம் பாலத்தில் ஜெபமாலையை எடுத்தேன். "சேசுவே, என் பேர் கெடாமல் காப்பாற்றும்" என்றுதான் முதலில் கேட்டேன். பக்கத்தில் பாப்பாயி குழந்தையின் கால்களை மார்போடு அணைத்துச் சூடேற்றிக்கொண்டிருந்தாள். "என் பேர் போகட்டும், குழந்தையைக் கொடும்" என்று ஜெபத்தை மாற்றினேன்.

வார்டில் நர்ஸ் ஐஸ் பையோடு வந்தார். என் வாய் தானாகத் திறந்தது.

"வேணாம் சிஸ்டர். நான் ஈரத்துணி சுத்தித்தான் இப்படி ஆச்சு. குளிர் ஆகாதுன்னு இவங்க சொன்னாங்க, நான் கேக்கலை."

நீலகிரி மலைஜனங்களிடையே வேலை பார்த்து, இதுபோன்ற நோயைக் கண்டிருந்த டாக்டர் ஒருவர் திரும்பிப் பார்த்தார். குழந்தையின் ரத்தத்தைச் சோதித்தார். வட்டமாக இருக்கவேண்டிய ரத்த அணுக்கள் கதிர் அரிவாள்போல் வளைந்து, குளிர் பட்டால் ரத்தக் குழாயை அடைத்துக்கொள்ளுமாம். பிறவி நோய்.

"அந்தம்மாவுக்குத் தெரிஞ்சது உங்களுக்குத் தெரியலையேம்மா!"

போர்வை போர்த்தி, குளுக்கோஸ் ஏற்றினார்கள். நான்காம் நாள் குழந்தை கஞ்சி கேட்டது. நோய் போகவில்லை, குழந்தையை ஆண்டவர் கொடுத்தார்.

வெள்ளையம்மாவின் அண்ணன் செத்தபோது பதிவேட்டில் 'பூச்சி, சத்துக்குறைவு' என்று எழுதியதும் நான்தான். மன்னிப்புக் கேட்டேன்.

"எழுதினதை மாத்துங்க" என்றாள் பாப்பாயி. "சோறு போடாம கொன்னுட்டேன்னு மில்லுல இன்னும் பேசுறாங்க."

மேலதிகாரி மாற்ற விடவில்லை. அப்படி ஒரு வியாதி பட்டியலிலேயே இல்லையாம். அதனால் மில் வாசலில், வேலை விட்டு எல்லோரும் வரும் நேரத்தில், நின்று சொன்னேன்: "பையன் செத்தது பிறவி நோயில, பாப்பாயி மேல தப்பில்லை. தப்பு என்னோடது."

சகோதரிகளே, ஆண்டவரை நம்பிக் கேளுங்கள், கொடுப்பார். உங்கள் பேரை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு கேட்காதீர்கள்.