ஸ்டிக்கரில் இல்லாத வாட்

லேப்டாப் கடையில் நிற்பவர்களுக்கு ஒரு நாளைக்கு முப்பது தடவை வரும் கேள்வி ஒன்றுதான்: "இதுல கேம் ஓடுமா?" செல்போன் கடை, டிவி கடை, பழைய பைக் விற்கும் கடை என்று கவுண்டருக்கு உள்பக்கம் நின்று பிழைக்கும் என் சக பாவிகளே, உங்களுக்கும் இப்படி ஒரு கேள்வி இருக்கும். "ஓடும்" என்று சொல்லி அனுப்பிவிட்டு, வாங்கினவர் படியிறங்கின பிறகு நிஜமாகவே ஓடுமா என்று நம்மையே கேட்டுக்கொள்வோமே, அந்த வியாதி எனக்குப் பதினோரு வருஷமாக இருக்கிறது. என் பெயர் ஹேமா. மேற்குத் தாம்பரத்தில், ஸ்டேஷனிலிருந்து ஐந்து நிமிஷ நடையில் எங்கள் கடை. கேமிங் லேப்டாப் வரிசை என் பொறுப்பு. நான் கேம் ஆடுவதில்லை. பயப்படுவதற்கே நேரம் சரியாக இருக்கிறது.

கொஞ்சமாகக் கேட்டவர்

கூடுவாஞ்சேரியில் ஃபிளாட் வாங்கி, தவணை போக மிஞ்சியதில் தனக்கென்று ஒரு லேப்டாப் வாங்க வந்தார் ஒருவர். கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. கையில் ஒரு பேப்பர், கேமில் படத்தை ஓட்டுகிற கிராபிக்ஸ் கார்டுகளின் பட்டியல். மச்சான் சொன்ன கார்டு, ஆபீஸ் நண்பர் சொன்ன கார்டு, வீடியோவில் இரண்டு பேர் சொன்ன கார்டு என்று நாலு கார்டு பெயர் எழுதி, மூன்றை அடித்து, அடித்ததில் ஒன்றை மறுபடி எழுதியிருந்தார். பாவம், நாலு நாளாகத் தூங்கவில்லையாம். அவரைப் பார்த்ததும் அந்தப் பதற்றம் எனக்கும் ஒட்டிக்கொண்டது.

பொறுமையாகச் சொன்னேன். கார்டு பெரிதானால் சூடு வரும், சூடு வந்தால் ஃபேன் கத்தும், ஃபேன் பெரிதானால் வெயிட் ஏறும், இது எதுவும் வேண்டாம் என்றால் விலை ஏறும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். முடிவாக என்ன வேண்டும் என்றேன். அறுபத்தைந்தாயிரத்துக்குள், சூடாகாமல், சத்தமில்லாமல், வெயிட் இல்லாமல், எல்லா கேமும் ஓட வேண்டும் என்றார். அந்த வாரம்தான் வந்திறங்கியிருந்த மெல்லிசு மாடலை எடுத்து வைத்தேன். அவர் பேப்பரில் கடைசியாக எழுதியிருந்த கார்டின் ஸ்டிக்கர் அதில் இருந்தது. இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்துவிட்டு, என்னிடம் மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னார்: "நான் ஒண்ணும் பெருசா கேட்டுடலையே மேடம்?"

சாரைக் கூப்பிடுங்க

கேமிங் என்றால் பாதிப் பேர் என்னைத் தாண்டி எட்டிப் பார்ப்பார்கள். போன மாதம் ஒருவர், நான் பத்து நிமிஷம் விளக்கின பிறகு, "சார் யாரும் இல்லையா?" என்றார். எனக்குக் கோபம் வந்தால் குரல் ரொம்ப மரியாதையாகிவிடும். "இருக்காருங்க சார், கூப்பிடறேங்க சார்" என்று பின்பக்கம் ரிப்பேர் பெஞ்சில் இருந்த சையத் அண்ணாவைக் கூப்பிட்டேன்.

சையத் அண்ணா பல்லாவரத்துக்காரர். எந்த போர்டையும் பிரித்து உயிர் கொடுத்துவிடுவார். ஆனால் எந்த மாடல் என்ன விலை என்று கேட்டால் முழிப்பார். அந்த மனுஷர் நான் விளக்கின இரண்டு மாடலையும் காட்டி, எது நல்லது என்று அவரிடம் கேட்டார். சையத் அண்ணா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: "நான் கெட்டுப்போனத சரி பண்றவன் சார். கெடாதது எதுன்னு அந்தம்மாவுக்குத்தான் தெரியும்."

அதே வாய் பிறகு சொன்ன ஒன்றுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. அதற்கு வருகிறேன்.

நாலு பொட்டு

புது லேப்டாப்பை யாரும் சும்மா பிரிப்பதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். நாள் பார்ப்பார்கள், ராகு காலம் பார்ப்பார்கள். ஒரு குடும்பம் கடையிலிருந்து நேராக சிங்கப்பெருமாள் கோவிலுக்குக் கொண்டுபோய் நரசிம்மர் சன்னதியில் வைத்து எடுத்தது. நல்லதுதான். வீட்டுக்கு வந்து பைக்குக்கு வைப்பதுபோல சந்தனத்தைக் குழைத்து நாலு இடத்தில் பொட்டு வைத்திருக்கிறார்கள். அதில் இரண்டு, பின்பக்கம் காற்று போகிற ஓட்டையில்.

ஒரு வாரத்தில் ஃபேன் இரைகிறது என்று தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். நான் கார்டுதான் போய்விட்டது என்று பதறி, வாரண்டி பேப்பரைத் தேடி, தண்ணீர் குடித்து, மறுபடி தேடி என்று கால் மணி நேரம் அல்லாடினேன். சையத் அண்ணா பிரித்துக் காட்டினார். உள்ளே சந்தனம் காய்ந்து பொருக்காக உட்கார்ந்திருந்தது, மேலே குங்குமம். வீட்டு அம்மா பார்த்துவிட்டுச் சொன்னது: "நெத்தின்னு நெனச்சு வெச்சேன். அதுக்கு மூக்கு அங்க இருக்கும்னு நான் கண்டேனா?"

கிளாடிஸ் டீச்சர்

இனிமேல் சொல்வது நான் செய்த தப்பு. கிளாடிஸ் டீச்சர் சேலையூரில் இருக்கிறார், பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கிறார். முன்பு எங்களிடம் ஒரு பிரிண்டர் வாங்கியவர். ஒரு சனிக்கிழமை, கடையில் நிற்க இடமில்லாத நேரத்தில் வந்து, கேம் ஆட லேப்டாப் வேண்டும் என்றார். யாருக்கு என்றேன். தனக்குத்தான் என்றார்.

மகன் மூன்று வருஷம் முன்னால் இங்கே இருந்த வேலையை அம்மாவிடம் சொல்லாமலே விட்டுவிட்டு அயர்லாந்து போய்விட்டான். அந்த மனஸ்தாபம் ஆறவில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் வரும். சாப்பிட்டியா, சாப்பிட்டேன், குளிரா, குளிர்தான். நாலு நிமிஷத்தில் முடிந்துவிடும். போன வாரம் அவனாகவே, "நான் ஒரு கேம் ஆடறேன், ரெண்டு பேர் சேர்ந்து தீவுல வீடு கட்டணும், நீயும் வாயேம்மா" என்றிருக்கிறான். என்ன கார்டு வேண்டும் என்று அவன் அனுப்பியதை டீச்சர் கரும்பலகை எழுத்தில் ஒரு சீட்டில் எழுதி வைத்திருந்தார். "கேம் நின்னு நின்னு வந்துச்சுன்னா அவன் 'வேணாம்மா, விடு'ன்னுடுவான் ஹேமா. அப்புறம் கூப்பிட மாட்டான். எனக்கு அவனைத் தெரியும்" என்றார்.

அந்தக் கார்டு இரண்டு மாடலில் இருந்தது. ஒன்று குண்டு, ஒன்று அந்த மெல்லிசு. ஸ்டிக்கர் இரண்டிலும் ஒன்றே. பையில் வைக்க வசதி என்று மெல்லிசை எடுத்துக் கொடுத்தேன். ஓடுமா என்று கேட்டார். எங்கள் கடையில் சொல்லவே கூடாத வார்த்தை ஒன்று உண்டு, அதைச் சொன்னேன்: கேரண்டி. நாளைக்குச் சாயங்காலம் பாஸ்டர் வீட்டுக்கு வந்து ஜெபம் பண்ணின பிறகுதான் பெட்டியைப் பிரிப்போம், ஏழு மணிக்கு மகன் போனில் வருவான் என்றார். பெட்டியை வாங்கிக்கொண்டு என் கையைப் பிடித்துச் சொன்னார்: "நீ சொன்னா போதும்மா. எனக்கு வேற யார்கிட்டயும் கேக்கத் தெரியாது."

பாதிச் சோறு

மறுநாள் ஞாயிறு. கடை திறந்து கொஞ்ச நேரத்தில் கூடுவாஞ்சேரிக்காரர் மெல்லிசு மாடலைக் கையில் ஏந்திக்கொண்டு வந்து நின்றார். சண்டைக்கு வரவில்லை, அதுதான் எனக்கு இன்னும் கலக்கமாக இருந்தது. கேம் திக்கித் திக்கி வருகிறதாம். மச்சான் வீட்டில் இதே கார்டு, அங்கே தண்ணீர் மாதிரி ஓடுகிறதாம்.

சையத் அண்ணா இரண்டு மாடலின் சார்ஜரையும் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். குண்டு மாடலுடையது செங்கல். மெல்லிசுடையது சோப்புக் கட்டி. பிறகு இரண்டையும் போட்டு, கார்டு எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று திரையில் காட்டினார். குண்டு எண்பத்தைந்து வாட். மெல்லிசு முப்பத்தைந்து. மெல்லிசு உடம்பு அதற்கு மேல் சூடு தாங்காது என்று கம்பெனிக்காரன் அடைத்து வைத்திருக்கிறான். எனக்குத் தெரியாத விஷயமில்லை இது. பழைய மாடலில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்ததால் இதிலும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன். ஸ்டிக்கரில் வாட் எழுத மாட்டான், டப்பாவிலும் தேடினால்தான் கிடைக்கும். நான் தேடவில்லை. இத்தனைக்கும் குண்டு மாடல் மூவாயிரம் விலை குறைவு.

கூடுவாஞ்சேரிக்காரரிடம் உள்ளதைச் சொல்லிவிட்டேன். சையத் அண்ணா படத்தின் தரத்தைக் குறைத்து ஒருமாதிரி ஓட வைத்துக் கொடுத்தார். "வெயிட் வேணாம்னு நான்தானே கேட்டேன்" என்று அவரே எனக்கு ஆறுதல் சொன்னார். டீச்சருக்கு அப்படிக் குறைக்கவெல்லாம் தெரியாது. அவர் சீட்டில் இருந்த கேம் இதைவிடப் பாரம். சையத் அண்ணா சார்ஜரைச் சுற்றி வைத்துக்கொண்டே சொன்னார்: "பேரு ஒண்ணு தான்மா கீது. சோறு பாதிதான் போட்டுகினு கீறான்."

சீல்

டீச்சருக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. ஆராதனை நேரம், சைலண்டில் வைத்திருப்பார். மதியம் போட்டேன், எடுக்கவில்லை. சைலண்டை எடுக்க மறந்திருப்பார். மூன்று மணிக்குப் போட்டபோதும் எடுக்கவில்லை. அந்த அம்மாவின் நாலு நிமிஷ போன் இனி நாலு நிமிஷமாகவே நின்றுவிடும், அதற்குக் காரணம் நான் என்றே மனசு சொல்லிக்கொண்டிருந்தது.

நாலரைக்கு முதலாளியிடம் போய் நின்றேன். பெட்டியை மாற்றிக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்றேன். அவர் கெட்டவர் இல்லை, கணக்கானவர். பெட்டியின் சீலைக் கிழித்துவிட்டால் கம்பெனி திரும்ப எடுக்காது, அது எல்லோருக்கும் தெரிந்த சட்டம். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சீல் இருந்தா கொண்டு வாங்க, கிழிஞ்சிருந்தா நீங்களே வெச்சுக்கங்க. கேரண்டி நானா குடுத்தேன்?"

ஆமென்

குண்டு மாடலை ஸ்கூட்டியில் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். மேற்கிலிருந்து கிழக்குக்குப் போகும் பாலத்தில் ஞாயிற்றுக்கிழமை கூட்டம், நகரவில்லை. ஒவ்வொரு ஹாரனுக்கும் யாரோ பெட்டியைப் பிரிக்கக் கத்தரிக்கோலை எடுப்பதுபோல இருந்தது. சேலையூர் போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்தே முக்கால். கதவு திறந்திருந்தது, உள்ளே ஜெபம் நடந்துகொண்டிருந்தது.

நடுக்கூடத்தில் ஸ்டூல் போட்டு, வெள்ளைத் துண்டு விரித்து, அதன்மேல் நான் விற்ற பெட்டி. பாஸ்டர், டீச்சர், பக்கத்து வீட்டு அம்மா ஒருவர், எல்லோரும் கண் மூடி நிற்கிறார்கள். ஜெபத்தின் நடுவில் எப்படிக் குறுக்கே பேசுவது? நானும் செருப்பைக் கழற்றிவிட்டுப் பெட்டியை அணைத்துக்கொண்டு நின்றேன். ஒரு கண்ணை மட்டும் திறந்து சீலைப் பார்த்தேன். கிழியவில்லை. உயிர் வந்தது. அப்போது பாஸ்டர் உருக்கமாக, "இந்தக் கருவியைத் தேடினபோது உண்மையான ஆலோசனை சொன்ன அந்தச் சகோதரிக்காகவும் ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்றார். அந்த இடத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமாக இருந்தது, வேறொன்றுமில்லை.

ஆமென் சொன்னதும் டீச்சர் கத்தரிக்கோலை எடுத்தார். "பிரிக்காதீங்க டீச்சர்" என்றேன். "நான் தப்பான மிஷினைக் குடுத்துட்டேன். இது நின்னு நின்னுதான் வரும். பாக்காம கேரண்டின்னு சொல்லிட்டேன்." டீச்சர் என்னைப் பார்த்தார், நான் சுமந்துகொண்டிருந்த பெட்டியைப் பார்த்தார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பழைய பெட்டியைத் தூக்கிக் கீழே வைத்துவிட்டு, புதியதை அதே துண்டின்மேல் வைத்துச் சொன்னார்: "பாஸ்டர், இதுக்கும் ஒரு தடவை பண்ணிடுங்க. சுருக்கமா. பையன் ஏழு மணிக்கு வந்துடுவான்."

அறுபத்திரண்டு சதவீதம்

நான் மறந்தே போன விஷயம் ஒன்று இருந்தது. புது மிஷினைத் திறந்தால் முதலில் அதன் அப்டேட், அப்புறம் அத்தனை பெரிய கேம் நெட்டில் இறங்க வேண்டும். ஏழு மணிக்கு மகன் போனில் முகம் காட்டியபோது திரையில் ஒன்பது சதவீதம். "இன்னும் ஏறலடா" என்றார் டீச்சர். "அப்ப விடும்மா" என்பான் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். "சரி, இருக்கேன்" என்றான் அவன்.

போனை லேப்டாப்பின் மேல் சாய்த்து வைத்தார்கள். சாப்பிட்டியா, சாப்பிட்டேன், குளிரா, குளிர்தான். அது முடிந்தும் சதவீதம் பதினொன்றில் இருந்தது. சும்மா இருக்க முடியாமல் அவன் எதையோ கேட்டான், இவர் எதையோ சொன்னார். "அன்னிக்கு நீ சொல்லாம போனது" என்று டீச்சர் ஆரம்பித்ததும் நான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன். எட்டு மணிக்குக் கிளம்பும்போது எட்டிப் பார்த்தேன். அறுபத்திரண்டு சதவீதம். இரண்டு பேருமே திரையைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் கடை திறப்பதற்கு முன்பே போன் வந்தது. எடுத்ததும் நான் கேட்டது என்னவாக இருக்கும், உங்களுக்கே தெரியும்: "ஓடுச்சா டீச்சர்?" டீச்சர் சொன்னார்: "எங்க ஆடினோம்மா? அது ஏறி முடிஞ்சு எவ்வளவோ நேரம் ஆச்சு, நாங்கதான் பேசி முடிக்கல."

ஆகவே சக பாவிகளே, "ஓடும்" என்று சொல்வதற்கு முன் டப்பாவைப் புரட்டி வாட் பாருங்கள், பாராமல் சொல்லிவிட்டால் பாஸ்டர் ஆமென் சொல்வதற்குள் போய்ச் சேருங்கள், போய்ச் சேர்ந்தாலும் என்னைப்போல அடுத்த ஞாயிறு வரை காத்திருங்கள், ஏனென்றால் அது ஓடுமா என்று இன்னும் யாரும் பார்க்கவில்லை.