பத்தாவது புள்ளி

பில்கிஸ் இமயமலையைப் பார்த்ததில்லை. ஆம்பூரிலிருந்து தினமும் ரயிலேறி காட்பாடிக்கு வந்து, கல்லூரித் தாவரவியல் துறையில் என் பக்கத்து மேசையில் உட்கார்ந்தபடியே அந்த மலையை அங்குலம் அங்குலமாக அளந்தவள். பனிக்கோட்டுக்குக் கீழே மட்டும் முளைக்கும் ஒரு அபூர்வ நீலப் பூ எங்கெங்கே இருக்கிறது என்று வரைபடம் போடுவது எங்கள் வேலை. நூறு வருடத்துக்கு முன் உலர்த்தி ஒட்டிய செடித்தாள்களில் ஊர்ப்பெயர்கூட இருக்காது. ‘பாலத்திலிருந்து இரண்டு நாள் நடை’ என்று கிறுக்கியிருப்பார்கள். கோவேறு கழுதை ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் போகும் என்று கணக்குப் போட்டு இவள் புள்ளி வைப்பாள். ஆறு வருடத்தில் ஒன்பது புள்ளிகள். பத்தாவதை, யாருமே அந்தப் பூவைப் பார்த்திராத ஒரு கணவாயில், கேள்விக்குறியோடு வைத்தாள். எனக்குப் பொறாமைதான், ஒப்புக்கொள்கிறேன்.

பூக்கும் காலம் ஆகஸ்டில் மூன்று வாரம். போய்ப் பார்த்துவர எங்கள் இருவருக்கும் அனுமதி கிடைத்தது. இந்த வருடத்தோடு திட்டமும் முடிகிறது. ஜூலையில், ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்த அவள் கணவர் தன்சீல் அகமது மாரடைப்பில் போய்விட்டார். கணவனை இழந்தவள் நான்கு மாதம் பத்து நாள் இத்தா இருக்க வேண்டும். வாசலைத் தாண்டக் கூடாது.

துக்கம் கேட்கப் போனேன். தெருப்பக்க ஜன்னலைச் சாத்தியிருந்தார்கள். மகனைப் பறிகொடுத்த மாமியார் அஜீஸுன்னிசா தட்டில் சோறு வைத்து, மருமகள் சாப்பிட்டு முடிக்கும்வரை நகரவில்லை. யாரும் அவளைக் கட்டிப்போடவில்லை. அந்த அன்பைத் தள்ளிவிட்டு எப்படி எழுந்து வருவாள்?

மாமியார் உள்ளே போனதும் மெல்லச் சொன்னாள். “கெசியா, அவரு போனதுக்கு அழுவுறனா, பூ போனதுக்கு அழுவுறனான்னு எனக்கே தெரியல. வெக்கமா இருக்கு.”

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

தனியாகப் போனேன். இரண்டு நாள் தேடியும் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் கணவாய் மேட்டில் சிக்னல் கிடைத்ததும் அவளைக் கூப்பிட்டேன். எந்தப் பக்கம் தேடுகிறாய் என்று கேட்டாள். வெயில் படும் பக்கம் என்றேன். வேலூர் வெயிலில் வளர்ந்த உடம்பு; குளிர் தாங்காமல் கால் தானாக வெயிலைத் தேடிப் போயிருந்தது.

“லூசு, பனி எந்தப் பக்கம் இன்னும் கரையல? அங்க போ. ஓடைக்கு மேலயே பாரு.”

ஒரு மணி நேரத்தில் கிடைத்தது. பாறை இடுக்கில் பதினேழு பூக்கள். ஆறு வருடம் அவள் நடந்த நடைக்கு நான் அங்கே உட்கார்ந்து அழுதேன். பறிக்க அனுமதியில்லை, படம் மட்டும் எடுத்தேன்.

ஆகஸ்ட் கடைசியில் திரும்பி வந்து, நேராக ஆம்பூருக்குத்தான் போனேன். வரைபடத்தில் அவளே கேள்விக்குறியை அழித்தாள். ‘நேரில் பார்த்தவர்’ என்ற இடத்தில் அவள் பெயரை எழுதச் சொன்னேன், கெஞ்சினேன். நான் பார்க்கவில்லையே என்று சொல்லி, என் பெயரை நிதானமாக எழுதினாள்.

பிறகு படங்களைக் காட்டினேன். பூவைப் பெரிதாக்கி இதழ்களை எண்ணுவாள் என்று நினைத்தேன். ஒரு படத்தின் ஓரத்தில் என் மஃப்ளர் நுனி பறந்துகொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அங்க காத்து ஜாஸ்தியா?”

ஜாஸ்திதான் என்றேன். இத்தா முடிய இன்னும் எழுபத்தொன்பது நாள் இருந்தது.