கருவாட்டுக்குத் தடை

ஈஸ்வரபாண்டிக்கு யாரிடமும் ‘கூடாது’ என்று சொல்ல வராது. கம்பத்திலிருந்து மலைமேல் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப் டிரைவருக்கு இது பெரிய குறை. “இன்னும் ரெண்டு பேருதாண்ணே” என்று யாராவது கெஞ்சினால் ஏற்றிக்கொண்டு, தான் பாதி உடம்பு வெளியே தொங்க ஓட்டுவார்.

இப்படிப்பட்டவர் தன் தாயார் அன்னத்தாய்க்கு மட்டும் ஒன்றரை வருடமாகக் கொடுங்கோலர். அன்னத்தாய்க்கு வயிற்றில் கேன்சர். மதுரைக்குப் போய் ஊசி மருந்து ஏற்றிக்கொண்ட காலமெல்லாம் கருவாடு கூடாது, ஊறுகாய் கூடாது, காரம் கூடாது. அன்னத்தாயும் அசரவில்லை. கஞ்சியே இறங்காத நாளிலும் நெத்திலிக் கருவாடு கேட்டுச் சண்டை போட்டார்.

போன மாதம் டாக்டர் மகனை மட்டும் உள்ளே கூப்பிட்டார். கட்டி எந்த மருந்துக்கும் அடங்கவில்லை, இனி ஊசி வேண்டாம், வலிக்கு மாத்திரை தருகிறேன் என்றார். கடைசியில், “அம்மா ஆசைப்பட்டதைக் குடுங்க” என்றார். நம் பக்கத்தில் இதைவிடத் தெளிவான தீர்ப்பு கிடையாது.

வெளியே நாற்காலியில் சாய்ந்திருந்த அன்னத்தாய் கேட்டார்: “என்னலே சொன்னாக?”

“ஊசிக்குக் கொஞ்ச நாள் லீவு. பத்தியம் மட்டும் இன்னும் கண்டிப்பா இருக்கணுமாம்.”

ஆக, எதையும் தின்னலாம் என்றான அன்றிலிருந்து அன்னத்தாய்க்கு எதுவும் கிடைக்கவில்லை. ஈஸ்வரபாண்டியின் மனைவி பவானிக்குப் பொறுக்கவில்லை.

“ஏங்க, கருவாடுதானே கேக்குறாக. வச்சுக் குடுத்துறவா?”

“குடுத்தா தெரிஞ்சு போயிரும். அப்பாவை டாக்டர் கைவிட்டப்ப, கேட்டதெல்லாம் ஆக்கிப் போட்டதே ஆத்தாதான்.”

தினமும் விடியுமுன் ஜீப் எடுத்தார். மாலையில் வந்து தாயின் உடம்பைத் துடைத்தார், மாத்திரை கொடுத்தார், கருவாட்டை மறுத்தார். மலை வளைவுகளைவிட அந்தக் கடைசி வேலைதான் ஆளை அடித்துப் போட்டது.

ஒரு மாலை தெருமுனையிலேயே வாடை வந்தது. வீட்டுக்குள் நுழையும்போதே கத்தினார்: “ஏய் பவானி, யாரைக் கேட்டு அடுப்புல ஏத்துன?”

“அவளை வையாத. நாந்தான் வைக்கச் சொன்னேன்” என்றார் கட்டிலில் கிடந்த அன்னத்தாய்.

“டாக்டர் கூடாதுன்னு...”

“கூடாதுங்கிறதை நம்ம ரெண்டு பேரையும் உக்கார வச்சுல்ல சொல்லுவாக? அன்னைக்கு உன்னைய மட்டும் கூப்பிட்டாக. அப்பயே தெரியும்லே.”

“பெறகு எதுக்கு ஆத்தா தெனமும் கேட்ட?”

“கேக்காம விட்டா, எனக்குத் தெரிஞ்சு போச்சுன்னு உனக்குத் தெரிஞ்சு போயிரும்ல. இன்னைக்குக் கேக்கத் தெம்பில்ல. அதான் வைக்கச் சொல்லிட்டேன்.”

பவானி சோற்றில் குழம்பை ஊற்றிக் கொண்டுவந்தார். அன்னத்தாய் நாக்கில் தொட்டு வைத்தார். “உப்பு பத்தல” என்று தட்டை மகன் பக்கம் தள்ளினார். கருவாட்டுக் குழம்பின் மேல் அப்படியொரு புகாரை யாரும் சொன்னதில்லை. ஈஸ்வரபாண்டி உட்கார்ந்து தின்றார். தாய்க்கு இல்லாததைத் தானும் ஒன்றரை வருடமாகத் தொட்டிருக்கவில்லை.

அவர் தின்று முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே கிடந்தார் அன்னத்தாய்.

“கருவாடு முடிஞ்சு போச்சு. நாளைக்கு எது கூடாது?”

ஈஸ்வரபாண்டி விரலை வழித்தபடி யோசித்தார். “ஊறுகா.”

“நார்த்தங்கா கூடவா?” சண்டைக்குக் குரலை நிமிர்த்தப் பார்த்தார் அன்னத்தாய்.

“நார்த்தங்காயும்தான்.”