தொக்கம் எடுக்கப் போன நாள்

என் மகளுக்கு அப்போது ஏழு வயது. காலையில் தின்ற இட்லி சாயங்காலம் அப்படியே வாந்தியாக வரும். வயிறு உப்பிக் கல்லாக இருக்கும். இரண்டு வாய் தின்றதுமே, "போதும்மா" என்று தட்டைத் தள்ளிவிடுவாள். பழங்காநத்தத்தில் நாங்கள் பார்க்காத டாக்டர் இல்லை. பூச்சி மருந்துதான் திரும்பத் திரும்பக் கிடைத்தது.

"தொக்கம் விழுந்திருக்கு. எடுத்துட்டா சரியாயிரும், நானும் வாரேன்" என்றார் மதினி, என் கணவரின் அக்கா. தின்றது செரிக்காமல் குடலில் ஒட்டிக்கொள்வதைத்தான் தொக்கம் என்பார்கள்.

சிம்மக்கல் பக்கம் ஒரு சந்து வீட்டில், தொக்கம் எடுப்பவர் மகளின் வயிற்றை நீவினார். ஒரு குழலை வைத்து உறிஞ்சித் தட்டில் துப்பினார். கறுத்த துண்டு ஒன்று விழுந்தது.

"கறித்துண்டு. எம்புட்டு நாளாக் கிடந்துச்சோ!"

"எங்க வீட்ல கறியே ஆக்குறதில்லண்ணே."

"வெளிய எங்கயாச்சும் தின்னுருக்கும்."

"நான் திங்கலம்மா!" மகள் அழுதாள். அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

திரும்பும் டவுன் பஸ்ஸில் மறுபடி வாந்தி. கை கால் சில்லிட்டு, கண் செருகியது. "அண்ணே, வண்டிய நிப்பாட்டுங்க!" என்று மதினிதான் கத்தினார். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். குளுக்கோஸ் ஏற்றியபிறகே கண் திறந்தாள்.

மறுநாள் சுண்ணாம்புத் தண்ணீர் போன்ற வெள்ளை மருந்தைக் குடிக்கவைத்து, நேரம் விட்டு விட்டு எக்ஸ்ரே எடுத்தார்கள். அடைப்பு இருந்தால் ஆபரேஷன் என்று சொல்லியிருந்தார்கள். ஒவ்வொரு முறை எக்ஸ்ரே அறைக் கதவு திறந்தபோதும் என் கணவர் எழுந்து நின்றார். மதினி என் கையை விடவேயில்லை.

மத்தியானம் டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் காட்டினார். குடித்த வெள்ளை பெரும்பாலும் இரைப்பையிலேயே நின்றிருந்தது.

"அடைப்பு இல்லம்மா. இரைப்பை சுருங்கிச் சுருங்கிச் சாப்பாட்டைக் கீழ தள்ளணும். இவளுக்கு அது ரொம்ப மெதுவா நடக்குது."

"ஆபரேஷன்?" என் கணவர் கேட்டார்.

"வேண்டாம். குழைச்சு, கொஞ்சங் கொஞ்சமாக் குடுங்க. எண்ணெய்ப் பலகாரம் கூடாது. சாப்பாட்டுக்கு முன்னாடி இந்த சிரப். பொறுமையா இருக்கணும்."

மதினி சுவரோரம் உட்கார்ந்து அழுதார்.

குணமாகப் பல மாதங்கள் ஆயின. நடுவில் இரண்டொரு முறை வாந்தி வந்தபோது எனக்கு உயிரே போய்விட்டது. பிறகு அதுவும் நின்றது. கன்னத்தில் சதை பிடித்தது. எனக்குத்தான் பயம் விடவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவள் வயிற்றை அழுத்திப் பார்ப்பேன்.

"கூசுதும்மா, விடு!" என்று கையைத் தட்டிவிட்டு விளையாட ஓடிவிடுவாள்.