அக்கா டீக்குப் புதுப் பாக்கெட்

பாக்கெட் டிசைன் செய்கிற தொழிலில் ஒரு நிம்மதி உண்டு: நாள்கணக்கில் இழைத்து இழைத்து நாம் செய்ததை, வாங்கினவர் பல்லால் கடித்துக் கிழித்துக் குப்பையில் போட்டுவிடுவார், குறை சொல்ல ஆதாரமே மிஞ்சாது.

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு மாடி அறையில் நான் இந்தத் தொழிலைச் செய்கிறேன். அப்பளக் கவர், சாம்பிராணி டப்பா, கடலை மிட்டாய் லேபிள், முகூர்த்த மாதங்களில் கல்யாணப் பத்திரிகை. உங்களிலும் சிலர் இருப்பீர்கள், முதுகுக்குப் பின்னால் ஒருவர் நின்றுகொண்டு, "இன்னும் கொஞ்சம் இடது பக்கம், இன்னும் கொஞ்சம், ம்ஹூம், பழைய எடத்துக்கே வந்துருங்க" என்று சொல்லச் சொல்ல மவுஸை நகர்த்தியவர்கள். உங்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. போன வருஷம் எனக்கு ஒரு டீத்தூள் கம்பெனி வேலை வந்தது. அதில் பட்டதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

யாரும் சொல்லாத பெயர்

கம்பெனி முதலாளி சண்முகவேல் பாக்கெட்டை என் மேஜைமேல் வைத்தார். சிவப்புக் கவர். நடுவில் ஒரு பெண், தலை நிறைய மல்லிகைப்பூ, கையில் கப்பும் சாஸரும், வாயெல்லாம் சிரிப்பு. கம்பெனிக்கு ஒரு கம்பீரமான ஆங்கிலப் பெயர் உண்டு. தங்க எழுத்தில் அச்சடித்தும் இருக்கிறது. இத்தனை வருஷத்தில் அதை எந்தக் கடையிலும் யாரும் சொல்லிக் கேட்டதில்லை என்றார். எல்லா ஊரிலும் அதற்கு "அக்கா டீ" என்றுதான் பெயர். "அக்கா டீ ஒண்ணு குடுங்க" என்று கேட்டு வாங்குகிறவர்களுக்கெல்லாம் ஐம்பது வயதாகிவிட்டது. அவர்கள் பிள்ளைகள் அக்காவைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அதுதான் அவருடைய கவலை.

சிறுசுகளுக்குப் பிடித்த மாதிரி ஒரு ஐம்பது கிராம் பாக்கெட் புதிதாகப் போட வேண்டும். என்ன மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்று நோட்டை எடுத்துக்கொண்டு கேட்டேன். அவர் சொன்னார்: "யூத்துக்குப் புடிக்கணும்மா. ஆனா பழைய ஆளுகளுக்கு நாம மாத்துனதே தெரியக் கூடாது."

துணி வாங்கியாச்சு

கவர் எப்படி நிரம்புகிறது, ஒட்டும் இடம் எது என்று பார்க்காமல் டிசைன் போட்டால், அக்காவின் கழுத்தில் மிஷின் சூடு வைத்துவிடும். அதனால் கப்பலூரில் இருக்கிற அவருடைய யூனிட்டுக்குப் போனேன். இரண்டு மிஷின். முதல் மிஷினில் பழைய சிவப்புப் பாக்கெட். இரண்டாவது மிஷினில் புதுப் பாக்கெட் ஓடப்போகிறது. அதில் ஒன்பது பெண்கள், எடை போட, நிரப்ப, ஒட்ட, அட்டைப்பெட்டியில் அடுக்க. அவர்களுக்கு மூத்தவர் செல்வி. மூக்கிலும் வாயிலும் துண்டைக் கட்டியிருந்தார். பேசும்போது மட்டும் இறக்குவார்.

புதுப் பாக்கெட் பொங்கலுக்குள் கடைகளில் போகாவிட்டால் இரண்டாவது மிஷினை நிறுத்திவிடுவதாக முதலாளி சொல்லியிருந்தாராம். நிறுத்தினால் ஒன்பது பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். செல்விக்கு இரண்டு பெண்கள் படிக்கிறார்கள். இதையெல்லாம் என்னைப் பயமுறுத்துவதற்காக அவர் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்லுகிற குரலில்தான் சொன்னார். சும்மா மிரட்டுகிறாராக இருக்கும் என்று நான் சமாதானம் சொன்னேன். செல்வி மூலையில் மடித்து வைத்திருந்த ஒரு நீலத் தார்ப்பாயைக் காட்டினார்: "மிஷின மூடுறதுக்குத் துணியே வாங்கி வச்சுட்டாரும்மா."

தூசி

இளைஞர்களுக்காக என்பதால் முதல் மாதிரியை முழுக்க முழுக்க ஆங்கிலத்தில் போட்டேன். வெள்ளைக் கவர், ஒரே ஒரு வரி பெரிதாக. தொழிலில் இந்த ரகத் தூளுக்கு டஸ்ட் டீ என்று பெயர். ஏலத்திலிருந்து மளிகைக்கடை வரைக்கும் அப்படித்தான் சொல்லுவார்கள். ஆகவே "பிரீமியம் டஸ்ட்" என்பதைக் கொட்டை எழுத்தில் ஆங்கிலத்தில் போட்டு, ஒரு காலேஜ் வாசலில் இருக்கிற டீக்கடைக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

ஐந்தாறு பேர் கையில் டீயோடு நின்றார்கள். வழக்கமாக என்ன டீ குடிப்பீர்கள் என்று கேட்டேன். "கடை டீ" என்றான் ஒருவன். வீட்டில்? "அது அம்மாவுக்குத்தான் தெரியும்" என்றான். ஒரு பெண் மட்டும் பாக்கெட்டை வாங்கி முன்னும் பின்னும் பொறுமையாகப் பார்த்தாள். எனக்கு நம்பிக்கை வந்தது. திருப்பிக் கொடுக்கும்போது மரியாதையாகத்தான் சொன்னாள்: "தூசின்னு நீங்களே இம்புட்டுப் பெருசாப் போட்டிருக்கீங்களேக்கா, அப்புறம் எப்படிக்கா வாங்குறது?"

நடுவில் ஒரு படம்

அடுத்த மாதிரியில் அக்காவைத் திரும்பக் கொண்டுவந்தேன். ஆனால் நவீனமாக. வெளிநாட்டுப் பாக்கெட்டுகளை ஒரு வாரம் ஸ்கிரீனில் பார்த்ததன் விளைவு. வண்ணத்தையெல்லாம் எடுத்துவிட்டுக் கறுப்பு வெள்ளையில் அக்கா முகம் மட்டும், சுற்றி மெல்லிய கறுப்புக் கட்டம், இரண்டு பக்கமும் ஒவ்வொரு கொழுந்து. படத்துக்குக் கீழே கம்பெனி தொடங்கிய வருஷத்தைச் சின்னதாகப் போட்டேன். பழைய கம்பெனி என்றால் ஒரு மதிப்புதானே. பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. நானே அதை போனில் வால்பேப்பராக வைத்துக்கொண்டேன்.

அவனியாபுரத்தில் ஒரு மளிகைக்கடை. சண்முகவேலின் பழைய வாடிக்கை. மாதிரியைக் கல்லாமேல் வைத்தேன். கடைக்காரர் கண்ணாடியை எடுத்து மாட்டினார். முகம் மாறிவிட்டது. கடையில் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தச் சொன்னார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. திரும்பி எதிர்ச் சுவரைப் பார்த்தேன். அதே கட்டம், அதே கறுப்பு வெள்ளை, அதே மாதிரி நடுவில் ஒரு முகம், மேலே மட்டும் "கண்ணீர் அஞ்சலி" என்று போட்டிருந்தது. இந்த ஊரில் பிறந்து வளர்ந்து, நாளுக்குப் பத்துப் போஸ்டரைப் பார்த்துக்கொண்டே வண்டி ஓட்டுகிறவள் நான். எனக்கே எப்படித் தோன்றாமல் போயிற்று என்று வெட்கமாக இருந்தது. அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "தோற்றம் மட்டும் போட்டிருக்கீக, மறைவு போடலையேம்மா. அவுக எப்பத் தவறுனாக?"

தலைக்கு

மூன்றாவது மாதிரி பச்சை. ஒரே ஒரு இலை, வேறு எதுவும் இல்லை. இதை முதலாளியே ஆசைப்பட்டு, கொஞ்சம் அச்சடித்துக் கடைகளில் வைத்துப் பார்க்கலாம் என்றார். இரண்டு வாரம் கழித்து அதே அவனியாபுரம் கடைக்குப் போனால், டீத்தூள் தட்டில் நம் பாக்கெட்டைக் காணோம். ஷாம்பு சரத்துக்குக் கீழே, மருதாணிப் பொடிக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்தார். நான் பதறிப்போய், இது டீத்தூள் என்றேன். அவர் பதறவில்லை: "இருக்கட்டும்மா, அங்க வச்சப்ப ஒண்ணுகூடப் போகல, இங்க வச்சதுல ரெண்டு போயிருச்சு, ரெண்டு பேரும் தலைக்குத்தான் வாங்குனாக."

பின்பக்கம் காலி

கார்த்திகை பிறந்துவிட்டது. முதலாளிக்குப் பொறுமை போய்விட்டது, எனக்குச் சரக்குத் தீர்ந்துவிட்டது. கடைசியில் மஞ்சள் கவர், அதில் வண்ணத்தோடு அதே பழைய அக்கா, முகத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி, சாஸரை மட்டும் எடுத்துவிட்டு. சாஸரை எடுத்ததுதான் யூத். முன்பக்கம் முடிந்தது. பின்பக்கத்தில் பாதி காலியாகக் கிடந்தது. "சும்மா விடாதீங்க, எதையாச்சும் போடுங்க" என்றார் முதலாளி. டீ போடும் முறையைப் போட்டுவிடலாம் என்று நினைத்துச் செல்விக்கு போன் செய்தேன். அவர் மிஷின் சத்தத்துக்கு மேலே கத்திச் சொல்லச் சொல்ல, அப்படியே தட்டினேன்:

"மொதல்ல அரைக் கிளாஸ் தண்ணிய வையி. கொதிக்கட்டும். கொதிக்காமத் தூளப் போடாத. ரெண்டு ஸ்பூனு போதும், அள்ளிக் கொட்டாத. ஒரு கிளாஸ் பால ஊத்து. பொங்குற வரைக்கும் அங்கனயே நில்லு, போனப் பாக்காத. பொங்குனா பதறாத, தீயக் கொற. வடிகட்டி நாலு ஆத்து ஆத்து. நடுவுல யாராச்சும் வந்தா தண்ணியக் கலக்காத, இன்னொருக்கப் போடு."

இதை நல்ல தமிழில், "கொதிக்கவிடவும், சேர்க்கவும், பரிமாறவும்" என்று மாற்றிவிட்டுத்தான் சிவகாசிக்கு அனுப்ப வேண்டும் என்று இருந்தேன். சத்தியமாக இருந்தேன். அன்றைக்கு இரண்டு கல்யாணப் பத்திரிகை அவசரம். ஃபைல் அப்படியே போய்விட்டது. அச்சாகி வந்த கவரைக் கையில் பிடித்துக்கொண்டு முதலாளி என் மாடிப்படி ஏறி வந்தார். மூச்சு வாங்கியது. கோபத்தாலா, படியாலா என்று சொல்ல முடியவில்லை. திரும்ப அச்சடிக்க நாளில்லை. நான் தலைகுனிந்து நின்றேன். ஒன்பது பேர் வேலையை ஒரு பத்தி எழுத்தில் கெடுத்துவிட்டேனே. அவர் நாற்காலியில் உட்கார்ந்து சொன்னார்: "காசு குடுத்து வாங்குறவன இந்தப் பாக்கெட்டு வா போங்குதும்மா."

ரூமுக்கு ரூம்

பிள்ளைகளுக்கு டீ பிடிக்கும், ஆனால் டீ போடத் தெரியாது என்பது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. வேலைக்காக ஊர்ப்பக்கத்திலிருந்து வந்து ஆரப்பாளையத்திலும் சுற்றுவட்டத்திலும் மூன்று பேர் நான்கு பேராக ரூம் எடுத்துத் தங்குகிறவர்கள்தான் முதலில் பிடித்துக்கொண்டார்கள். எவனோ ஒருவன் பின்பக்கத்தைப் படம் எடுத்து, "இந்தப் பாக்கெட் என்னைத் திட்டுது மாப்ள" என்று எழுதிப் போட்டான். அது ரூமுக்கு ரூம், ஹாஸ்டலுக்கு ஹாஸ்டல் போனது. முன்பக்கத்தை யாரும் படம் எடுக்கவில்லை. நான் தேடிப் பார்த்தேன், ஒருவர்கூட எடுக்கவில்லை. இதில் எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய்.

பொங்கலுக்கு முன்பே கடைகள் இரண்டாம் தடவை சரக்குக் கேட்டன. என் மாடிக்குக் கீழே இருக்கிற கடையில் ஒரு பையன், பேங்க் வேலைக்கு வந்து சேர்ந்தவன், அதே பாக்கெட்டை வாங்கிக்கொண்டிருந்தான். ஏன் இதை வாங்குகிறாய் என்று, யாரோ மாதிரிக் கேட்டேன். அவன் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினான்: "எங்கம்மா போன்ல சொல்ற மாதிரியே இருக்குக்கா, ஆனா இது சொன்னதையே திருப்பிச் சொல்லாது."

பூசை

மாசியில் சண்முகவேல் போன் செய்து கப்பலூருக்குக் கூப்பிட்டார். இரண்டாவது மிஷினுக்குப் பூசை என்றார். சந்தோஷமாகப் போனேன். போய்ப் பார்த்தால் அது புது மிஷின். பழையதைக் காணோம். கேட்கிற கடைக்கெல்லாம் பழைய மிஷினால் ஈடுகொடுக்க முடியவில்லையாம். இது கவரைத் தானே வெட்டும், தானே நிரப்பும், தானே ஒட்டும். பார்த்துக்கொள்ள மூன்று பேர் போதும், அதுவும் தொட்டால் வேலை செய்கிற ஸ்கிரீன் என்பதால் ஒன்பது பேரில் சின்ன வயசுப் பெண்களாக மூன்று பேரை மட்டும் வைத்துக்கொண்டதாகச் சொன்னார். "எல்லாம் உங்க டிசைன் செஞ்ச வேலை" என்று ஒரு தட்டில் பழம் வைத்துக் கொடுத்தார். மனுஷர் மனசார வாழ்த்தினார். அதுதான் இன்னும் சங்கடமாக இருந்தது.

செல்வி வெளியே சைக்கிள் ஸ்டாண்டில் நின்றார். டிபன் பையும் ஒரு பிளாஸ்டிக் கவரும் கையில். மற்ற ஐந்து பேர் முன்னால் போய்விட்டிருந்தார்கள். உங்கள் வார்த்தையால்தானே இந்தப் பாக்கெட் ஓடியது, நான் முதலாளியிடம் போய்ப் பேசிப் பார்க்கிறேன் என்றேன். சொல்லும்போதே என் குரல் எனக்கே நன்றாக இல்லை. செல்வி முகத்தில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறி, மடித்துப் பையில் வைத்தார். கோபமே இல்லை. விரல் விட்டுக் கணக்குப் பார்த்துச் சொன்னார்: "ஓடலைன்னா ஒம்போது பேரும் போயிருப்போம்மா, ஓடுனதுனால ஆறு பேருதான் போறோம், மூணு பேருக்கு நல்லதுதான."

இப்போது மிளகாய்ப்பொடிக் கம்பெனிக்காரர் ஒருவர் வந்து அந்த டீ பாக்கெட் மாதிரியே ஓடுகிற ஒன்று வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அங்கே எத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொண்ட பிறகுதான் எவ்வளவு நன்றாகச் செய்வது என்று முடிவு செய்யலாம் என்றிருக்கிறேன்.