ஆளுக்கொரு ஸ்பீக்கர்

1. முதல் நாள்

விழுப்புரத்தில் ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர் விற்கும் ஒரு ஹை-ஃபை கடையில் பல வருடம் சேல்ஸில் இருந்துவிட்டு இப்போதுதான் ஓய்வு பெற்றிருக்கிறேன். ஷோரூம் வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். முதலாளிகளும் படிக்கலாம். படிக்க மாட்டார்கள்.

சேர்ந்த அன்று முதலாளி என்னை டெமோ ரூமுக்குள் கூட்டிக்கொண்டு போனார். அவரை முதலாளி என்று சொல்லக் கூடாது, எம்.டி. என்றுதான் சொல்ல வேண்டும். கடையில் அவரோடு சேர்த்து நாங்கள் நாலே பேர். ரூமில் சுவரெல்லாம் பஞ்சு வைத்துத் தைத்த துணி, நடுவில் ஒரு சோபா, பல் தந்தியடிக்க வைக்கும் ஏசி.

"பிலோமினா, கஸ்டமருக்கு மொதல்ல விலை கம்மி ஸ்பீக்கர் போடு. அப்புறம் விலை ஜாஸ்தி. ரெண்டாவது போடும்போது வால்யூம ஒரு துளி ஏத்தி வை. துளிதான். காது அதை சத்தம்னு நெனைக்காது, தரம்னு நெனைச்சுக்கும்."

"அது ஏமாத்தறது இல்லீங்களா சார்?"

"பொடவைக் கடையில பளபளன்னு லைட்டு போட்டு வெச்சிருக்கான். அவனைப் போய்க் கேட்டியா?"

கேட்டதில்லைதான். கடை வெளிச்சத்தில் ஜொலித்த புடவையை வீட்டில் பிரித்துப் பார்த்து நொந்து போன அனுபவம் எனக்கும் உண்டு. அன்றே வால்யூமைத் துளி ஏற்றப் பழகிக்கொண்டேன்.

2. பர்ன்-இன்

வாங்கிப் போனவர் திரும்பி வந்து "கடையில கேட்ட மாதிரி இல்லீங்களே" என்றால் அதற்கு ஒரு பதில் தயாராக இருந்தது. பர்ன்-இன். புது ஸ்பீக்கர் கொஞ்ச நாள் பாடிப் பழக வேண்டுமாம். ரிட்டர்ன் எடுக்கும் தேதி தாண்டும்வரை ஸ்பீக்கர் பழகும், அதற்குப் பிறகு கஸ்டமரின் காது பழகிவிடும்.

அதற்கும் மசியாதவருக்குக் கேபிள். கிணற்றுக் கயிறு தடிமனில் இருக்கும், விலை கேட்டால் தலை சுற்றும். கேபிளுக்கும் மசியாதவரிடம் எம்.டி. குரலைத் தாழ்த்தி, "நம்ம ஊரு கரண்டு ரொம்ப அழுக்கு சார், ஃபில்டர் போட்டாத்தான் சரிப்படும்" என்பார். எங்கள் டெமோ ரூமும் அதே அழுக்குக் கரண்டில்தான் ஓடியது. அது எப்படி அங்கே மட்டும் குளித்துவிட்டு வந்தது என்று ஒருவரும் விசாரித்ததில்லை.

ஒன்று சொல்லிவிட வேண்டும். எங்கள் சரக்கு மட்டமில்லை. நல்ல கம்பெனி, நல்ல சத்தம். ஆனால் அதே பெட்டி ஆன்லைனில் விலை குறைவு. கஸ்டமர்கள் எங்கள் சோபாவில் உட்கார்ந்து, எங்கள் காபியைக் குடித்துக்கொண்டே போனில் விலை பார்ப்பார்கள். எம்.டி. கோபப்பட மாட்டார். "அவன் பெட்டி குடுப்பான் சார், நாங்க விஷயம் தெரிஞ்சு குடுக்கறோம்" என்பார். கேட்க நன்றாக இருக்கும். நானும் பல வருடம் அதை நம்பினேன்.

3. திண்டிவனத்து போன்

அருளானந்தம் வாத்தியாரும் அவர் தம்பி சூசையும் திண்டிவனத்துக்காரர்கள். அண்ணன் பள்ளிக்கூடத்தில் ரிட்டயர் ஆனவர், தம்பிக்கு மல்லாட்டை, அதாவது நிலக்கடலை வியாபாரம். இருவரும் ஆளுக்குப் பாதி போட்டு ஒரு ஸ்டீரியோ செட் வாங்க வந்தார்கள். சோபாவில் தோளோடு தோள் உட்கார்ந்து பழைய சினிமாப் பாட்டு கேட்டார்கள். வாத்தியாருக்குக் கண் கலங்கிவிட்டது. எந்த ஸ்பீக்கரை வாங்கினார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கொஞ்ச நாளில் வாத்தியாரிடமிருந்து போன் வந்தது. "ஏம்மா, நீங்க குடுத்ததுல ஒண்ணு நல்லது, ஒண்ணு டூப்ளிகேட்டு. நல்லதா பார்த்து தம்பி எடுத்துக்கினான். எனக்கு வந்ததுல பாட்டுக்காரம்மா வாயே தொறக்கல, தபேலா மட்டும் தட்டிக்கினு கெடக்குது."

அவர் வைத்ததும் தம்பி பேசினார். "எங்கண்ணன் நான் ஏமாத்திட்டேன்னு சர்ச்சு வாசல்ல நின்னுக்கினு சொல்றாரும்மா. வர்ற ஞாயித்துக்கெழமை எம்பொண்ணுக்கு நிச்சயம். வரமாட்டேன்னுட்டாரு. பெரியப்பா நிக்கலைன்னா மாப்பிள்ளை வீட்டுல இன்னா நெனைப்பாங்க? பொண்ணு அழுதுக்கினு கீது. பேஜாரா போச்சும்மா."

எம்.டி.யிடம் சொன்னேன். கேட்பதற்கென்றே கடை நடத்துகிறவர் பாதிப் பேச்சுக்கு மேல் கேட்கவில்லை. "ஒரு பக்கம் வாய்ஸ் வரலியா? கேபிள் மாத்துனா வந்துரும். ஜல்தியா போயி, மாட்டிட்டு பில்லு போட்டுட்டு வா" என்றார். கிணற்றுக் கயிற்றைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

4. சுவர்

அப்பா கட்டிய ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்து இரண்டாகப் பிரித்திருந்தார்கள். ஆம்ப்ளிஃபயர் தம்பி வீட்டில் இருந்தது. இடது ஸ்பீக்கரும் அங்கேயே. வலது ஸ்பீக்கரின் வயர் சுவரில் போட்ட ஓட்டை வழியாக அண்ணன் வீட்டுக்குப் போனது. அங்கே ஸ்பீக்கரின் மேல் மாதா சொரூபம். பேஸ் சத்தம் அதிர்ந்தால் மாதா நகர்ந்துவிடுவார் என்று அடியில் துணி மடித்து வைத்திருந்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை. பழைய ஸ்டீரியோ பாட்டுகள் சிலவற்றில் குரல் ஒரு பக்கமும் வாத்தியங்கள் மறுபக்கமும் இருக்கும். ஒரே ஆள் நடுவில் உட்கார்ந்து கேட்க வேண்டிய பாட்டை இவர்கள் சொத்துப் பிரிப்பது போலப் பிரித்துவிட்டார்கள். குரல் தம்பிக்கு, தபேலா அண்ணனுக்கு. ஸ்பீக்கர்களை மாற்றி வைத்தும் பார்த்தார்களாம். அப்போதும் பாட்டுக்காரி தம்பி வீட்டிலேயே நின்றுவிட்டாள். தம்பி வயரில் ஏதோ வேலை செய்திருக்கிறான் என்று வாத்தியார் முடிவு கட்டிவிட்டார்.

ஆளுக்கொரு வீடு என்று அவர்கள் கடையில் சொல்லவில்லை. ஆனால் எங்கே வைப்பீர்கள், யார் கேட்பீர்கள் என்று நாங்கள் ஒரு வார்த்தை விசாரித்தோமா? கண்ணை மூடினால் பாடுகிறவர் எங்கே நிற்கிறார் என்று காதுக்கே தெரியும், அதுதான் சவுண்ட் ஸ்டேஜ் என்று ஒரு மணி நேரம் பேசினோம். எனக்கு எரிச்சலாக வந்தது, எங்கள் மேல்தான்.

ஆம்ப்ளிஃபயரின் முகத்தில், ஓரமாக, மோனோ என்று ஒரு பட்டன். பழைய பாட்டு ஒன்றை ஓடவிட்டு அதை அழுத்தினேன். இரண்டு பக்கச் சத்தமும் ஒன்றாகக் கலந்து இரண்டு ஸ்பீக்கரிலும் வரும். அவ்வளவுதான் அதன் வேலை.

சுவர் ஓட்டை வழியாக வாத்தியாரின் குரல் வந்தது.

"டேய் சூசை, அங்க பாடுதா?"

"பாடுதுண்ணே."

"இங்கயும் பாடுதுடா."

ஒரு சரணம் போனது.

"ஞாயித்துக்கெழமை எத்தினி மணிக்குடா?"

சூசை துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவர் மனைவிதான் ஓட்டைக்குக் கிட்டே போய், "பத்து மணிக்கு மாமா, நீங்க அக்காவோட முன்னாடியே வந்துருங்க" என்றார்.

வாத்தியார் சட்டையை மாட்டிக்கொண்டு தம்பி வீட்டுக்கே வந்துவிட்டார். பட்டனைக் குனிந்து பார்த்தார்.

"ஏம்மா, இந்தப் பட்டன் கடையில இருக்கும்போதே இருந்துச்சா?"

"இருந்துச்சுங்க சார்."

"அப்ப ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலீங்களே சார்."

சொன்ன பிறகுதான் என் வாயில் வந்தது எம்.டி.யின் பேச்சு என்று உறைத்தது. வாத்தியார் கோபப்படவில்லை.

"கேக்கத் தெரிஞ்சிருந்தா உங்க கடைக்கு நாங்க ஏம்மா வர்றோம்?"

கேபிளைப் பையிலிருந்து எடுக்காமலே விழுப்புரம் பஸ் ஏறினேன். வழியெல்லாம் அந்தக் கேள்விதான். ஆன்லைனைவிட அதிகமாக அவர்கள் கொடுத்தது காபிக்கும் ஏசிக்கும் இல்லை, தங்களுக்குக் கேட்கத் தெரியாததை நாங்கள் கேட்போம் என்று நம்பிக் கொடுத்தது. அதைச் செய்கிற கடையில் விலை கூடுதல் என்றாலும் நியாயம். செய்யாத கடையில் தள்ளுபடி விலையும் கொள்ளைதான். பிள்ளைகளே, பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் கஸ்டமரின் வீட்டைப் பற்றி விசாரியுங்கள்.

கடைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். எம்.டி. இந்த முறை முழுசாகக் கேட்டார்.

"சரி, கேபிள்தான் போவல. பட்டனு அழுத்துனதுக்கு சர்வீஸ் சார்ஜாவது வாங்கினியா?"

"வாங்கலீங்க சார்" என்றேன். "அத அவங்க செட்டு வாங்கும்போதே குடுத்துட்டாங்க."